கேளுங்கள் வயலின்காரரை: மாரியோவுக்கு பேஸ் வாசிப்பது யார்?

சென்ற இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "இப்போதெல்லாம் நான் அதிகம் கேட்பது வீடியோ கேம் இசைதான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ராகம் கண்டுபிடித்துத் தரச் சொன்னவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முப்பது வருடம் சினிமா ரெக்கார்டிங்கில் வயலின் வாசித்தவர் நீங்கள். இந்த 'பொய்ங் பொய்ங்' சத்தத்தில் அப்படி என்ன கண்டீர்கள்?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருத்தாசலம்

மகன்தான் காரணம், ஐயா. 1996-ல் அவனுக்கு ஒரு டிவி கேம் வாங்கினோம். அட்டையில் '9999 ஆட்டங்கள்' என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் ஏழெட்டுதான், அதுவே பெயர் மாறி மாறி வரும். இரவு கால்ஷீட் முடித்து வந்து பகலில் கண்ணசரப் பார்த்தால் ஹாலில் மாரியோ ஆட்டத்தின் பாட்டு. எத்தனையோ நாள் வயரைப் பிடுங்கியிருக்கிறேன். ஒரு நாள் எனக்குக் காய்ச்சல், எழுந்துபோய்ப் பிடுங்கக்கூடத் தெம்பில்லை. கண்ணை மூடிப் படுத்திருந்தபோது காது மெட்டை விட்டுவிட்டுக் கீழே போய்விட்டது. அங்கே பேஸ் (மெட்டுக்கு அடியில் ஓடுகிற கனத்த ஸ்வரங்கள்) தன் பாட்டுக்கு வேறொரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. மெட்டு மூச்சு விடுகிற இடத்தில் இது நடந்துகொண்டே இருக்கிறது. "யாருடா பேஸ் வாசிக்கிறது?" என்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது மெஷின்ப்பா."

மெஷின்தான். ஆனால் எழுதியவர் கோஜி கோண்டோ. 1985-ல் அந்த ஆட்டம் வந்தபோது அவருக்கு 24 வயது. அவர் கையில் கொடுத்த ஆர்க்கெஸ்ட்ராவைக் கேளுங்கள். நின்டென்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் என்கிற டிவி கேம் பெட்டியில் மெட்டுக்குத் தோதான குரல் இரண்டு, பேஸுக்கு ஒன்று, 'உஸ்' என்று இரைகிற சத்தம் ஒன்று (தாளம் அதை வைத்துத்தான்), பதிவுசெய்த துணுக்குகளுக்கு ஒன்று. மொத்தமே ஐந்து. பேஸ் குரலின் வால்யூமைக் கூட்டிக் குறைக்கவும் வழி கிடையாது.

அந்த ஐந்தும்கூடப் பாட்டுக்கே சொந்தமில்லை. மாரியோ குதித்தால் சத்தம் வர வேண்டுமே, அதற்கு ஒரு குரலை இரவல் கொடுக்க வேண்டும். யாராவது ஆடும்போது கவனித்துப் பாருங்கள். குதிக்கிற அந்த நொடியில் பாட்டில் ஒரு குரல் காணாமல் போகும், அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல வந்து சேர்ந்துகொள்ளும். பாட்டு நொண்டுவதே இல்லை. எங்கள் ரெக்கார்டிங்கில் கடைசி வரிசை வயலின்காரர் ஒருவர் இருமினாலே டேக் போய்விடும். அதனால்தான் அன்றைக்கு அந்தக் காய்ச்சலிலும் எழுந்து உட்கார்ந்தேன்.

தண்ணீருக்குள் நீந்துகிற கட்டத்தில் வருவது வால்ட்ஸ், மூன்று மூன்றாகத் தட்டிப் பாருங்கள். நேரம் 100-க்குக் கீழே போனால் பாட்டே வேகம் பிடிக்கும். கண்டக்டர் இல்லாத இடத்தில் கடிகாரமே கண்டக்டர்.

'ஒரிஜினல் சவுண்ட்டிராக்', 'அரேஞ்ச்டு ஆல்பம்' என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
- கல்லூரி மாணவர், திருச்சி

ஒரிஜினல் என்றால் ஆட்டத்துக்குள் கேட்பது அப்படியே. அரேஞ்ச்டு என்றால் அதே மெட்டுகளை வேறு வாத்தியங்களுக்கு எழுதி, பெரும்பாலும் ஆள் வைத்து வாசித்துப் பதிவுசெய்வது.

நம் ஊர் மெல்லிசைக் குழுவைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், தம்பி. ஸ்டுடியோவில் அறுபது பேர் வாசித்ததை மேடையில் நாங்கள் எட்டுப் பேர் சமாளிப்போம். இருபது வயலின் செய்த வேலையைக் கீபோர்டுக்காரர் ஒரு கையால் ஒப்பேற்றிவிடுவார். இங்கே மூன்று குரலில் இருந்ததை அறுபது பேருக்கு விரிக்க வேண்டும். இரண்டும் செய்து பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், விரிப்பதுதான் கஷ்டம். சுருக்கும்போது எதை விடலாம் என்று யோசித்தால் போதும். விரிக்கும்போது இல்லாத பகுதிகளை எழுத வேண்டும், அவை முதலிலிருந்தே அங்கே இருந்த மாதிரியும் தோன்ற வேண்டும்.

ஜப்பானில் இது ஆரம்பித்து நாற்பது வருடம் ஆகிவிட்டது. 1984-ல் ஹருவோமி ஹோசோனோ என்ற இசைக்கலைஞர், நாம்கோ நிறுவன ஆட்டங்களின் இசையை எடுத்து 'வீடியோ கேம் மியூசிக்' என்ற பெயரிலேயே ஒரு ரெக்கார்டு போட்டார். வயலினும் செல்லோவும் பிடிக்கிற எங்கள் ஜாதிக்கு வேலை கொடுத்தவர் கோய்ச்சி சுகியாமா. டிவி நிலையத்தில் வேலை பார்த்தவர், பாப் பாட்டும் விளம்பர இசையும் எழுதியவர், வயது ஐம்பதைத் தாண்டியவர். ஒரு ஷோகி ஆட்டத்தை (அவர்களுடைய சதுரங்கம்) ஆடிவிட்டு, கருத்து எழுதும் அட்டையை நிரப்பி எனிக்ஸ் நிறுவனத்துக்கு அனுப்பினார். அந்த அட்டையைப் பார்த்துத்தான் அவரிடம் இசை கேட்டுப் போனார்கள். 1986-ல் அவர் இசையில் 'டிராகன் குவெஸ்ட்' ஆட்டம் வந்தது, அதே வருடம் அதன் இசை ஆர்க்கெஸ்ட்ரா வடிவில் ஆல்பமாகவும் வந்தது. 1987 ஆகஸ்டில் டோக்கியோவின் சன்டோரி ஹாலில் கச்சேரி. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் வீரர்கள் அணிவகுத்து வந்தபோது ஒலித்ததும் அந்த ஆட்டத்தின் தொடக்க இசைதான். அதே வருடம் 90 வயதில் சுகியாமா காலமானார். வாசகர் அட்டைகளைச் சும்மா கட்டிப்போடக் கூடாது என்று இந்தக் கதையை எங்கள் ஆசிரியரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

எல்லா அரேஞ்ச்டு ஆல்பமும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மெட்டை வயலின் கூட்டத்திடம் கொடுத்து, பின்னால் பெரிய டிரம்மைப் போட்டு 'சிம்பொனி' என்று விற்பது நிறைய. நான் முதலில் பார்ப்பது, ஒரிஜினலில் இருந்த பேஸ் உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான். அதைத் தொலைத்தவர் மற்றதைக் காப்பாற்றியிருக்க மாட்டார்.

ஒரு நிமிடப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடுகிறது. அலுக்காதா?
- வங்கி ஊழியர், ஈரோடு

அலுக்காமல் எழுதுவதுதான் அந்த வேலையே. ஆடுகிறவர் பத்து நொடியில் கதவைத் திறந்து போகலாம், டீ குடிக்கப் போய் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடவும் செய்யலாம். அதனால் பாட்டுக்கு முடிவு என்று ஒன்று வைக்கவே முடியாது. கடைசி அடி முதல் அடியின் மடியில் போய் விழ வேண்டும், விழுந்தது தெரியவும் கூடாது. அனுபல்லவியிலிருந்து பல்லவிக்குள் நுழைகிற இடத்தை நல்ல பாடகர்கள் எப்படி வழுக்கிக்கொண்டு போவார்கள், அதுபோல.

அரேஞ்ச் செய்பவருக்கு முதல் தலைவலி இங்கேதான். ஒரிஜினல் சிடியில் இரண்டு சுற்று ஓடவிட்டுச் சத்தத்தை மெல்லக் குறைத்துவிடுவார்கள். வாசிக்கிற ஆர்க்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு அப்படித் தப்பிக்க முடியாது. எழுதியவர் வைக்காத தீர்மானத்தை (பாட்டை முடித்துவைக்கிற அடியை) இவர் வைத்தாக வேண்டும். இரண்டாவது சுற்று முதல் சுற்றைப் போலவே இருந்தால் கேட்பவர் எழுந்துபோய்விடுவார், ஆகவே சங்கதி சங்கதியாக ஏற்றிக்கொண்டு போகவும் வேண்டும். அடுத்த ஆல்பத்தில் கடைசி இருபது நொடியை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். அரேஞ்சரின் கைவேலை அங்கே பச்சையாகத் தெரியும்.

அலுக்காது என்பதற்கு ஆதாரம் வேண்டுமா? நின்டென்டோ 2024-ல் தன் இசைக்கென்றே ஒரு செயலி விட்டது. அதில் பல பாட்டுகளை ஒரு மணி நேரம்வரை நீட்டிக்கொள்ள வசதி வைத்திருக்கிறார்கள். யாரோ கேட்கப்போய்த்தானே வைத்தார்கள்!

எதிலிருந்து தொடங்கலாம்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள், பட்டியல் வேண்டாம்.
- பள்ளி இசை ஆசிரியை, புதுக்கோட்டை

ஒன்று என்றால் 'ஃபைனல் ஃபேண்டஸி 6' ஆட்டத்தின் இசை. 1994-ல், ஃபேமிகாமுக்கு அடுத்த பெட்டியான சூப்பர் ஃபேமிகாமில் வந்தது. எழுதியவர் நோபுவோ உவெமாட்சு, பியானோவைத் தானாகவே கற்றுக்கொண்டவர். கதைக்கு நடுவே ஒரு ஓபரா மேடை வருகிறது. நாயகி செலஸ், பாடகிக்குப் பதிலாக மேடையேறிப் பாட வேண்டும். அந்தப் பெட்டியிலோ மொத்தம் எட்டுக் குரல், சத்தத்துக்கென்று ஒதுக்கிய நினைவகம் 64 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கிற ஒரு போட்டோவுக்கே அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். பாடகியை எங்கே உட்கார வைப்பது?

அவர் செய்தது இதுதான். 'ஆ'வும் இல்லாமல் 'ஓ'வும் இல்லாமல் மனிதக் குரல் மாதிரி ஒரு சத்தத்தை மெட்டுப் பாட வைத்தார். வார்த்தைகள் திரையில் எழுத்தாக வருகின்றன. ஆடுகிறவர் அவற்றை முன்பே படித்து மனதில் வைத்துக்கொண்டு, சரியான அடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தப்பினால் காட்சி சொதப்பிவிடும். என் மகன் இரண்டு முறை தப்பினான். மூன்றாம் முறை நான் பின்னாலிருந்து அடியெடுத்துக் கொடுத்தேன்.

இது எனக்கு விசித்திரமாகவே படவில்லை, அம்மா. இசையமைப்பாளர் 'தனனா' என்று தத்தகாரத்தில் பாடிக்காட்டுவார், பாட்டு வரி வந்திருக்காது, பாடுகிறவர் இன்னும் வீட்டைவிட்டே கிளம்பியிருக்க மாட்டார். ஆனாலும் வாசிக்கிற எங்களுக்குப் பாட்டு முழுசாகக் கேட்டுவிடும். எழுத்தைக் கண் படிக்க, மெட்டைக் காது கேட்க, இரண்டையும் ஒட்டிப் பாடகியை உண்டாக்கிக்கொள்வது கேட்கிறவர் வேலை.

அதே வருடம் 'கிராண்ட் ஃபினாலே' என்ற அரேஞ்ச்டு ஆல்பம் வந்தது. அதில் ஸ்வெட்லா கிராஸ்டேவா என்ற பாடகி அந்தப் பாட்டை இத்தாலிய மொழியில் நிஜமாகவே பாடியிருக்கிறார். நல்ல குரல், குறையே சொல்ல முடியாது. ஆனால் முதலில் பெட்டிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் இதற்கு வாருங்கள். வரிசை மாறினால் பழையது பொம்மைச் சத்தமாகத்தான் தெரியும்.

பட்டியல் வேண்டாம் என்றீர்கள், ஆனாலும் வயலின்காரனுக்கு ஒரு சலுகை கொடுங்கள். 1991-ல் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி 4: செல்டிக் மூன்'. டப்ளினில் பதிவானது, அயர்லாந்து வயலின் கலைஞர் மைரே ப்ரனக் அரேஞ்ச் செய்தது. ஸ்வரத்தின் விளிம்பில் அவர்கள் போடுகிற சின்ன வெட்டு, நம் கமகம் மாதிரி இழுவை இல்லை, கிள்ளுகிற மாதிரி. நான் அதை வாசித்துப் பார்க்கிறேன் என்று ஒரு மாதம் வீட்டைப் படுத்தியெடுத்தேன். வரவில்லை. என் விரல் ஒவ்வொன்றையும் அசைத்து அசைத்து நாட்டக்குறிஞ்சியாக்கிவிட்டது.

ஆட்டத்துக்குப் போடுகிற பின்னணிச் சத்தத்தை இசை என்று உலகத்தில் யாராவது ஒப்புக்கொண்டிருக்கிறார்களா?
- 'உண்மை விளம்பி', சென்னை

2011-ல் கிராமி ஒப்புக்கொண்டது. கிறிஸ்டோபர் டின் எழுதிய 'பாபா யெட்டு', ஸ்வாஹிலி மொழியில் பரமண்டல ஜெபம். 2005-ல் 'சிவிலைசேஷன் 4' ஆட்டத்துக்காக எழுதியது. விருது வாங்கிய வடிவம், சொவேட்டோ காஸ்பல் கொயர் பாடி 2009 ஆல்பத்தில் வந்தது, அதாவது இதுவும் அரேஞ்ச்டுதான். 2023-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் வரிசையில் மாரியோ மெட்டைச் சேர்த்தது. நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அதுவும் சரி. பின்னணி இசை வாசித்தே பிள்ளையைப் படிக்க வைத்தவன் நான், 'பின்னணிச் சத்தம்' என்பதற்கு மட்டும் கொஞ்சம் கோபம் வருகிறது.

என் மகள் படிக்கும்போது மைன்கிராஃப்ட் இசையைப் போட்டுக்கொள்கிறாள். கெடுதலா?
- இல்லத்தரசி, நாகர்கோவில்

ஆரம்பத்தில் வந்த பாட்டுகள் டேனியல் ரோசன்ஃபெல்ட் எழுதியவை. பெரும்பாலும் பியானோ, நடுவில் நிறைய வெற்றிடம். ஆட்டத்திலும் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கும். கெடுதல் இல்லை. ஒரு நாள் நீங்களும் கூடவே உட்கார்ந்து கேளுங்கள், கீரை ஆய்வதற்குப் பொருத்தமாக இருக்கிறது.

இந்த ஆல்பங்கள் எங்கே கிடைக்கும்? உங்களிடம் இருப்பதைக் கொடுத்து உதவ முடியுமா?
- வாசகர், தஞ்சாவூர்

பலவும் இப்போது ஆன்லைன் இசைச் செயலிகளில் கிடைக்கின்றன, ஜப்பானியப் பெயரில் தேட வேண்டியிருந்தாலும் சலிக்காதீர்கள். சிடிதான் வேண்டும் என்றால் ஜாக்கிரதை. ஒருமுறை கச்சேரிக்காக வெளிநாடு போனபோது ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் மகன் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். ஜப்பானியப் புது சிடியின் ஓரத்தில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை ஒன்றிலும் இல்லை. உள்ளே படங்கள் கலங்கலாக இருந்தன, ஒரு தட்டில் கடைசிப் பாட்டு பாதியிலேயே நின்றது. நான்கும் டூப்ளிகேட்.

கொடுத்து உதவ மட்டும் முடியாது, மன்னிக்கவும். 2009-ல் ஒரு தபேலாக்காரர் "ரெண்டே நாள்ல தந்துடறேன்" என்று வாங்கிப்போன 'செல்டிக் மூன்' இன்னும் வீடு திரும்பவில்லை. அவர் இந்தப் பத்திரிகையை விடாமல் படிக்கிறவர்.