ஓய்வில் நிற்கும் குதிரைக்குக் கொள்ளு

அன்புள்ள ஐயா,

அந்தியூர் குதிரைச் சந்தை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். போன ஐப்பசியில் தாராபுரம் பக்கம் என் சித்தப்பாவின் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தேன். ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கு நான்கு குதிரைகள் வைத்திருக்கிறார்கள். மழை மாதம், பந்தயம் கிடையாது என்று கொள்ளைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டார்கள். லாடத்தையும் கழற்றிவிட்டார்கள். ஓடினால்தான் சோறா? மனம் கேட்கவில்லை.

ச., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ச.,

கொள்ளு விஷயத்தில் நான் சம்பந்தி வீட்டார் பக்கம். தினமும் ஓடுகிற குதிரைக்குத் தானியம் எரிந்துவிடும். ஓட்டத்தை நிறுத்திய பிறகும் அதே அளவு போட்டுக்கொண்டிருந்தால், மறுபடி வண்டியில் பூட்டும் நாளில் கொஞ்ச தூரத்திலேயே பின்தொடைகள் கல்லாக இறுகும். வியர்த்துக் கொட்டும், ஓரடி எடுத்துவைக்க முடியாமல் நின்றுவிடும். சிதைந்த தசையின் சாயம் இறங்கி மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போவதும் உண்டு. ஐரோப்பாவில் ஞாயிறன்று முழுத் தீவனத்தோடு ஓய்ந்து நின்ற வண்டிக் குதிரைகள் மறுநாள் காலையில் இப்படி முடங்கியதால், இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர் வந்தது. செல்லம் கொடுக்கிறவர்கள் வீட்டுக் குதிரைக்குத்தான் இது அதிகம் வரும் என்பது என் எண்ணம்.

ஆனால் தானியத்தைக் குறைத்தால் புல்லைக் கூட்ட வேண்டும். இவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை சிறியது; அமிலமோ நிற்காமல் சுரக்கும். அவிழ்த்துவிட்டால் நாளில் 16 மணி நேரம்கூட மேய்கிற பிராணி அது. வெறும் வயிற்றோடு கட்டிப்போட்டால் இரைப்பையில் புண் வரும். நீங்கள் போனபோது முன்னால் புல் கிடந்ததா? கடிதத்தில் அது இல்லை. கிடக்கவில்லை என்றால் தாராளமாகச் சண்டை போடுங்கள். அந்தப் பக்கத்தில் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, இல்லாத தோட்டம் குறைவு. கொழுக்கட்டைப்புல்லில் அவிழ்த்துவிட்டால் வயிறும் நிறையும், கால்களுக்கும் வேலை இருக்கும். பச்சைச் சோளத்தில் மட்டும் விடக் கூடாது, மூத்திரப்பை கெடும்.

லாடம் கழற்றியதும் சரிதான். குளம்பு மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். பழைய ஆணி ஓட்டைகள் கீழிறங்கிச் செதுக்குப்பட்டுப் போக அவகாசம் வேண்டும்.

கஞ்சத்தனத்தைத் தேட வேண்டிய இடம் வேறு. ஓடாத குதிரைக்கும் லத்தி அள்ள வேண்டும், மாலீஷ் செய்ய வேண்டும், காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நடத்த வேண்டும். முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தசையே கிடையாது. எல்லாப் பாரமும் தசைநாண்கள் மேல்தான். அதில் சூடு தெரிகிறதா என்று தடவிப் பார்க்கிற கை லாயக்காரருடையது. அவர் கவனிக்காமல் விட்டுக் கிழிந்துபோனால் ஆறுவதற்கு 9 மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். பந்தயப் பணம் வரவில்லை என்று அவருக்குப் பாதிச் சம்பளம் கொடுக்கிற தோட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். அவர் மில்லுக்கோ தேங்காய் உரிக்கவோ போய்விடுகிறார். தை பிறந்ததும் புது ஆள் வருகிறார். அவரிடம் குதிரை காலைத் தூக்கிக் கொடுப்பதில்லை. உங்கள் சித்தப்பாவை விட்டு அதைக் கேட்கச் சொல்லுங்கள்: கொள்ளைக் குறைத்த மாதத்தில் லாயக்காரருக்கு என்ன கொடுத்தார்கள்?