பனியில் ஓடும் நாய்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வடநார்வேயில் ஆல்டா ஊர்ப் பக்கம் ஒரு கென்னலில் (நாய்ப் பண்ணையில்) வேலை செய்கிறேன். அலாஸ்கன் ஹஸ்கிகள், சறுக்குவண்டி இழுக்கும் நாய்கள். பனிக்காலத்தில் நாய்களை ஓட்டுவது பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்து குவிந்துவிட்டது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, மைனஸ் 30 டிகிரியில் ஓட விடுகிறீர்களே, அதுகளுக்குக் குளிராதா? (சென்னை)

ஓடும்போது குளிராது தம்பி. எங்கள் பயமே வேறு: நாய் சூடாகிவிடுமோ என்பதுதான். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மேலே இரட்டை ரோமம், உள்ளே மணிக்கணக்காக உழைக்கும் தசை. மைனஸ் 15, மைனஸ் 20 என்றால் அதுகளுக்குக் கொண்டாட்டம். பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து வெயிலும் அடித்தால் வேகத்தைக் குறைப்போம், அடிக்கடி நிறுத்துவோம், முடிந்தால் ஓட்டத்தையே இரவுக்குத் தள்ளிப்போடுவோம்.

குளிர் கடிப்பது நின்ற பிறகுதான், அதுவும் காற்று இருந்தால். ரோமம் குறைவான இடங்கள் முதலில் அடிபடும்: காது நுனி, விலா ஓரம், பெண் நாய்க்கு முலைக்காம்பு, ஆண் நாய்க்கு விதைப்பை. அந்த இடத்துக்கென்றே ரோமத்துணியில் தைத்த உறை உண்டு. சிரிக்காதீர்கள், அது இல்லாமல் காற்றில் போனால் புண்ணாகிவிடும்.

படங்களில் நாய்களின் காலில் வண்ண வண்ண உறை மாட்டியிருக்கிறதே, அழகுக்கா? (மதுரை)

இல்லை. எங்கள் வேலையில் பாதி அந்த நாலு பாதம்தான். அந்த உறைக்கு பூட்டி என்று பெயர். கெட்டித் துணியில் தைத்து மணிக்கட்டுக்கு மேல் ஒட்டுப்பட்டை போட்டிருக்கும். அலாஸ்காவின் இடிடரோட் என்ற நெடுந்தூர நாய்வண்டிப் பந்தயத்தில் ஒரு நாய்க்கு எட்டு பூட்டி இருந்தே ஆக வேண்டும் என்பது விதி.

பனி எல்லாம் ஒன்றல்ல. பூச்சியத்தை ஒட்டிய ஈரப்பனி விரலிடுக்கில் உள்ள முடியில் ஒட்டி உருண்டு கல்லாகிவிடும். ஓட ஓட அது தோலைக் கிழிக்கும். மைனஸ் 25க்குக் கீழே போனால் ஒட்டாது, ஆனால் மணல் மாதிரி பாதத்தை அராவும். உருகி மறுபடி உறைந்த பனியின் மேல் ஓடு கத்தி மாதிரி வெட்டும். மூன்றுக்கும் மருந்து பூட்டிதான்.

மாட்டுவதிலும் சூட்சுமம் உண்டு. பட்டையை இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று பாதம் வீங்கும், அந்தக் குளிரில் அது ஆபத்து. தளர்த்தினால் வழியிலேயே கழன்றுவிடும். ஓய்வுக்கு நிறுத்தியதும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஈரமானதைத் திரும்ப மாட்டக்கூடாது. கழற்றியதும் விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, சிவந்திருந்தால் களிம்பு பூசுவோம். பன்னிரண்டு நாய் என்றால் நாற்பத்தெட்டுப் பாதம், வெறுங்கையோடு, இருட்டில். புதிதாக வேலைக்கு வருபவர்கள் ஓடிப்போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

சுற்றிலும் பனிதானே, தாகம் எடுத்தால் தின்றுகொள்ளாதா? (யாழ்ப்பாணம்)

ஓடிக்கொண்டே தலையைச் சாய்த்து ஒரு வாய் அள்ளும், அது வாயைக் குளிர்விக்க உதவும். தாகத்துக்குப் போதாது. ஒரு வாய்ப் பனியில் தண்ணீர் கொஞ்சம்தான், அதை உருக்க உடம்புச் சூடு வேறு செலவாகும். மூச்சிரைப்பில் போகும் நீரும் அதிகம். நீண்ட ஓட்டத்தில் ஒரு நாய்க்கு நாளுக்குச் சில லிட்டர் உள்ளே போக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், களைத்த நாய் வெறும் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதனால் ஸ்பிரிட் அடுப்பில் பனியை உருக்கி, அதில் இறைச்சித் துண்டோ மீனோ கொழுப்போ போட்டு வெதுவெதுப்பாக ஊற்றுவோம். துண்டைப் பிடிக்கிற ஆசையில் தண்ணீர் முழுவதும் குடித்துவிடும். நீர் போதுமா என்று பார்க்க, தோளுக்கு மேல் தோலைத் தூக்கி விடுங்கள். சட்டென்று படிந்தால் சரி. கூடாரம் மாதிரி நின்றால் நிறுத்திவிடுங்கள். சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் தசை சிதைகிறது என்று அர்த்தம், அன்றைக்கு அந்த நாய்க்கு ஓட்டம் முடிந்தது, உடனே டாக்டர்.

என்ன சாப்பாடு? சோறு போடலாமா? (கோயம்புத்தூர்)

நீண்ட பந்தயத்தில் ஒரு நாய் நாளுக்குப் பத்தாயிரம் கலோரி வரை எரிக்கும், நம்மில் நாலைந்து பேர் சாப்பாடு. இருபது, இருபத்தைந்து கிலோ உடம்புக்கு அதைச் சோற்றில் கொடுக்க வயிறு கொள்ளாது. எரிபொருள் கொழுப்புதான். ஓட்டத்துக்குச் சற்று முன்னால் வயிறு நிரம்பக் கொடுக்கக் கூடாது, வழியில் உறைந்த கொழுப்புத் துண்டுகளைச் சிறிது சிறிதாகக் கொடுப்போம்.

என்னிடம் இருப்பது லர்ச்சர் (கிரேஹவுண்ட் கலப்பு வேட்டைநாய்). உறைபனிக் காலையில் வயலில் முயல் பிடிக்க விடலாமா? (லீட்ஸ்)

மேலே எழுதியதை அப்படியே உங்கள் நாய்க்குப் பொருத்தாதீர்கள். ஹஸ்கி நிதானமாக நெடுந்தூரம் ஓடும். கிரேஹவுண்ட் ரத்தம் உள்ள உங்கள் நாயோ அம்பு மாதிரி பாய்ந்து, திடீரென்று திரும்பும். உழுத வயல் உறைந்தால் ஒவ்வொரு மேடும் கல். அதில் அந்த வேகத்தில் திரும்பினால் விரல் முறியும், மணிக்கட்டு பிசகும், நகம் பிய்ந்து வரும். பனி மூடிய வேலியோரத்தில் கம்பியும் தெரியாது. நிலம் உங்கள் பூட்ஸ் குதிகாலுக்கு விட்டுக்கொடுக்கவில்லை என்றால் கயிற்றிலிருந்து அவிழ்க்காதீர்கள், என் கருத்து அவ்வளவுதான். மிருதுவான புதுப்பனியில் விடுவதென்றாலும், முதலில் கால் மணி நேரம் கயிற்றோடு நடத்தி உடம்பைச் சூடாக்குங்கள். ஓடி நின்ற மறுநிமிடமே கோட்டு போடுங்கள். கொழுப்பே இல்லாத உடம்பு, சில நிமிடத்தில் நடுங்க ஆரம்பித்துவிடும்.

லாப்ரடாரோடு தெருவில் ஓடுகிறேன், பூட்டி தேவையா? (டொராண்டோ)

உங்கள் எதிரி பனி அல்ல, சாலை உப்பு. பாதத்தை எரிக்கும், நாய் நக்கினால் வயிற்றையும் கெடுக்கும். பூட்டி போடுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடையுங்கள். கார் நிறுத்துமிடத்தில் சிந்திக் கிடக்கும் ஆன்டிஃப்ரீஸ் (கார் இன்ஜின் நீர் உறையாமலிருக்க ஊற்றும் திரவம்) இனிப்பாக இருக்கும், நக்கியதாகச் சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். சிறுநீரகம் போய்விடும்.

உறைந்த ஆற்றின்மேல் போகும்போது பயமில்லையா? (திருச்சி)

உண்டு. உடைவதைவிட அடிக்கடி நடப்பது, பனிக்கட்டிக்கு மேல் தண்ணீர் ஏறி, அதன்மேல் பனி மூடிக் கிடப்பது. பார்த்தால் தெரியாது. நாய்களின் கால் நனைந்துவிடும். கரையேறியதும் பூட்டியைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, உலர்ந்ததை மாட்டித்தான் கிளம்ப வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தாலும் துணி உறைந்து இரும்பாகிவிடும்.

நாய்க்கு முடியவில்லை என்று எப்படித் தெரியும்? அதுதான் வாய் திறக்காதே. (சிங்கப்பூர்)

சொல்லும், நாம் பார்க்க வேண்டும். பின்னால் நிற்கும் எனக்கு முதலில் தெரிவது இழுவைக் கயிறுதான். எப்போதும் விறைப்பாக இருக்கும் கயிறு தொய்ந்தால் கவனிப்பேன். அடுத்தது நடை, தலை ஒரு பக்கம் ஏறி இறங்கினால் தோள் வலி. பனியின் மேல் ஓடு உடைந்து கால் புதையும் பாதையில் தோள்தான் அதிகம் அடிபடும், அங்கே வேகத்தைக் குறைக்காதவரை நான் மன்னிப்பதில்லை. மூன்றாவது, சாப்பாடு. விழுந்தடித்துத் தின்னும் நாய் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு வைக்கோலில் சுருண்டால் ஏதோ சரியில்லை. அப்படிப்பட்டதை வண்டியின் பைக்குள் ஏற்றி, வெளியே தலை மட்டும் தெரிய, அடுத்த நிறுத்தம் வரை கொண்டுபோய்க் கால்நடை டாக்டரிடம் விடுவோம். பாதி நேரம் அது பைக்குள்ளிருந்தே, தன்னை ஏன் கட்டவில்லை என்று ஊளையிட்டுக்கொண்டே வரும். அதைக் கேட்டு மனம் இளகி மறுபடி கயிற்றில் பூட்டிவிடாதீர்கள்.