பச்சைக் குழந்தை சில்லிடுவதும் சர்க்கரை இறங்குவதும்: வார்டு சிஸ்டரிடம் கேள்வி பதில்

சிஸ்டர், பேரன் 2.1 கிலோ. பாதம் சில்லென்று இருக்கிறது, வயிறு சூடாகத்தான் இருக்கிறது. பயப்படணுமா?

குளிர் தாக்கத் தொடங்கிவிட்டதம்மா. வயிறும் சில்லிட்டால் ஆபத்து. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். ஃபேனை நிறுத்துங்கள். தொப்பி, சாக்ஸ், டயப்பர் தவிர எல்லாவற்றையும் கழற்றி, மகளின் வெறும் மார்பில் குழந்தையை நிமிர்த்திச் சாய்த்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, மேலே போர்த்துங்கள். மூக்கு மூடக் கூடாது. அப்படியே பால் குடிக்கட்டும். ஒரு மணி நேரத்தில் 36.5 தொடவில்லை, அல்லது பால் இழுக்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வழியிலும் குழந்தை மார்பிலேயே இருக்கட்டும். வெந்நீர் பாட்டில் மட்டும் வேண்டாம், பிஞ்சுத் தோல் வெந்துவிடும்.

குளிருக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?

நம்மைப் போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளப் பச்சைக் குழந்தையால் முடியாது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகத்தைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரிக்கிறது. அதில் ஆக்சிஜனோடு சர்க்கரையும் கரைகிறது. சர்க்கரை இறங்கினால் சோர்ந்து பால் குடிக்காது. குடிக்காவிட்டால் இன்னும் சில்லிடும். குறைமாதக் குழந்தைக்குக் கொழுப்பு, சர்க்கரைச் சேமிப்பு இரண்டுமே கம்மி.

எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை. குழந்தை 3.9 கிலோ, கொழுகொழுவென்று இருக்கிறாள். குதிகாலில் ஏன் குத்திக்கொண்டே இருக்கிறார்கள்?

உங்கள் சர்க்கரைக்கு ஈடுகொடுக்க வயிற்றுக்குள்ளேயே அதிக இன்சுலின் சுரந்து பழகியவள். தொப்புள்கொடி வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோகும், இன்சுலின் நிற்காது. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெளியே ஒன்றும் தெரியாமலே இறங்கும். குத்தாமல் கண்டுபிடிக்க வழியில்லை.

நர்சிங் மாணவி நான். சர்க்கரை ஸ்டிரிப்பில் 38 (மி.கி./டெசிலிட்டர்) காட்டுகிறது, குழந்தை நன்றாக இருக்கிறது.

ஸ்பிரிட் காயுமுன் குத்தினாயா? சில்லிட்ட குதிகாலைப் பிழிந்தாயா? இரண்டும் எண்ணைக் கெடுக்கும். குதிகாலைச் சூடாக்கிப் பக்கவாட்டில் குத்து. 45-க்குக் கீழ் என்றால் லேபுக்கும் ரத்தம் அனுப்பு, உடனே. குழாயில் கிடந்தால் சிவப்பணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும். ரிப்போர்ட் வரும்வரை சும்மா இருக்காதே: டாக்டரிடம் சொல், பால் கொடு, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பார். ஏறவில்லை, 25-க்குக் கீழ், துவண்டுவிட்டது, நீலம் பாய்கிறது, மூச்சு நிற்கிறது, வலிப்பு: இதில் எது இருந்தாலும் டாக்டர் அந்த நிமிடமே வர வேண்டும். அறிகுறி உள்ள குழந்தைக்கு வழக்கமான டோஸ், 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) கிலோவுக்கு 2 மில்லி நரம்பில். பிறகு டிரிப், நிமிடத்துக்குக் கிலோவுக்கு 6 மில்லிகிராம் குளுக்கோஸ். டிரிப்பைச் சட்டென நிறுத்தினால் மறுபடி விழும். 25 சதவீதத்தை அப்படியே ஏற்றுவது பழைய தப்பு. நரம்பு புண்ணாகும், இன்சுலின் துள்ளும்.

கை உதறுகிறது, வலிப்பா?

உதறும் கையை மெல்லப் பிடியுங்கள். நின்றால் நடுக்கம். பிடித்தும் துடித்தால், கண் சொருகினால், வலிப்பு. எதுவானாலும் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும்.

பால் ஊறும்வரை சீனித் தண்ணீர் கொடு, தேன் தொட்டுச் சேனை வை என்கிறார் மாமியார்.

சீனித் தண்ணீர் வயிற்றை அடைத்துச் சீம்பாலுக்கு இடமில்லாமல் செய்யும். தேனில் பாட்டுலிசம் (தசைகளை முடக்கும் நோய்) கிருமியின் வித்து இருக்கலாம், ஒரு வயது வரை கூடவே கூடாது. முதல் நாள் சீம்பால் ஒரு வேளைக்குச் சுமார் ஒரு டீஸ்பூன்தான் வரும். ஆரோக்கியமான குழந்தைக்கு அதுவே போதும். சப்ப மாட்டேன் என்றால் சங்கைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, பீய்ச்சிய பாலை அதில் இரண்டு மணிக்கு ஒருமுறை கொடுங்கள். மாமியாருக்குச் சடங்கு முக்கியமென்றால் சங்கில் சீம்பாலை அவரே புகட்டட்டும்.