பாதி வேலை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். வயது 38, பதினான்கு வருட சர்வீஸ். இந்த நிறுவனத்தில் சேர்ந்து நான்கு வருடம் ஒரு மாதம் ஆகிறது. கைக்கு வருவது 1,20,000. ஓ.எம்.ஆரில் போக வர இரண்டரை மணி நேரம். வீட்டுக்கு வந்தும் ராத்திரி பதினொரு மணி வரை அமெரிக்காக்காரர்களோடு மீட்டிங். ஐந்தாவது படிக்கும் மகளோடு உட்கார்ந்து பேசுவதே ஞாயிற்றுக்கிழமைதான்.

பி.எஃப். உட்பட சேமிப்பு 70 லட்சம், அதில் பி.எஃப். 19. வீட்டுக் கடன் பாக்கி 24 லட்சம், மாதத் தவணை 28,000. தவணை போக வீட்டுச் செலவு 55,000. மனைவிக்குத் தனியார் பள்ளியில் ஆசிரியை வேலை, சம்பளம் 24,000. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஆபீஸ் இன்சூரன்ஸில்தான் அவரைச் சேர்த்திருக்கிறேன்.

ஆறு மாதத்தில் ராஜினாமா செய்துவிட்டு ஊருக்கே போய்விட நினைக்கிறேன். புளியங்குடி பக்கம். அப்பாவின் இரண்டு ஏக்கர் எலுமிச்சை இருக்கிறது. வருடச் செலவைப்போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் வேலைக்கே போக வேண்டாம் என்கிறார்கள். என்னிடம் அவ்வளவு இல்லை. ஆனால் மனைவியின் சம்பளமும் தோட்டமும் இருப்பதால் சமாளித்துவிடலாம். இது சரியாக வருமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கையும் சேர்த்து எழுதியதற்கு நன்றி. வேலையை விட வேண்டும் என்று எழுதுகிறவர்கள் மனநிலையை எழுதுவார்கள், எண்களை எழுதமாட்டார்கள். உங்கள் ஆசை நியாயமானது. மகளோடு பேச ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்கிறது என்றால் அந்த வாழ்க்கையை மாற்றத்தான் வேண்டும்.

ஆனால் உங்கள் திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மனைவியின் 24,000 ரூபாயை வரவில் வைத்திருக்கிறீர்கள். அந்தச் சம்பளம் சென்னைப் பள்ளியில் வருகிறது. புளியங்குடிக்குக் குடிபோன அன்றே அது நின்றுவிடும். அந்தப் பக்கம் அவருக்குப் பள்ளி வேலை கிடைக்குமா, எவ்வளவு தருவார்கள், முதலில் அவருக்கு அங்கே வர விருப்பமா? கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவரிடம் இன்னும் பேசவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த 25 மடங்கு சமாச்சாரத்தையும் பார்த்துவிடலாம். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் போட்ட கணக்கிலிருந்து வந்தது அது. அமெரிக்கப் பங்குகள், கடன் பத்திரங்களின் பழைய வரலாற்றை வைத்து, முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம், அதாவது இருபத்தைந்தில் ஒரு பங்கு எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 வருடம் தாங்கும் என்று அவர் காட்டினார். அறுபதை ஒட்டி ஓய்வு பெறுகிறவர்களுக்கான கணக்கு. உங்களுக்கு 38. முப்பது வருடம் முடியும்போது 68தான் ஆகியிருக்கும். தவிர நம் ஊர் விலைவாசி, பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது. அதன்படியே பார்த்தாலும் உங்கள் 55,000க்கு 1.65 கோடி வேண்டும். அதுவரை காத்திருந்தால் மகள் கல்லூரிக்குப் போய்விடுவாள்.

முழு வேலை, இல்லையென்றால் ராஜினாமா என்று உங்களுக்கு இரண்டே கதவுகள்தான் தெரிகின்றன. அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. நம் நாட்டில் சம்பள வேலை அப்படித்தான் அமைந்திருக்கிறது. நெதர்லாந்தில் 2000ஆம் ஆண்டே ஒரு சட்டம் வந்துவிட்டது. வேலை நேரத்தைக் குறைத்துக்கொடு என்று ஊழியர் கேட்கலாம், வலுவான காரணம் இல்லாமல் முதலாளி மறுக்க முடியாது. சம்பளமும் அந்த அளவுக்குக் குறையும். அங்கே வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் வேலை பார்ப்பது சாதாரணம். அப்பாக்களும் பார்க்கிறார்கள். இங்கே அப்படிக் கேட்டால் ஹெச்.ஆர். உங்களை விநோதமாகப் பார்ப்பார். அதனால் சோர்ந்துபோனவருக்கு ராஜினாமா ஒன்றுதான் தோன்றுகிறது. நடுவில் ஒரு கதவு வேண்டுமென்றால் அதை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்களால் அதைப் போட முடியும். எப்படி என்று சொல்கிறேன். பி.எஃப்.ஐத் தொடாமல் மற்ற 51 லட்சத்திலிருந்து 24 லட்சத்தை எடுத்து வீட்டுக் கடனை அடைத்துவிடுங்கள். மாறும் வட்டிக் கடன் என்றால், தனிநபர் முன்கூட்டி அடைப்பதற்கு வங்கி அபராதம் வாங்கக்கூடாது. அந்தப் பணத்தை முதலீட்டில் விட்டால் கூடுதலாக வரும் என்று நண்பர்கள் சொல்வார்கள். வரலாம். ஆனால் மாதா மாதம் 28,000 கட்டியே ஆக வேண்டும் என்ற நிலைதான் உங்களை அந்த ராத்திரி மீட்டிங்கில் உட்காரவைக்கிறது. அது போன பிறகு வீட்டுக்கு வேண்டியது 55,000. சென்னையிலேயே இருந்தால் மனைவியின் சம்பளம் போகத் துண்டு விழுவது 31,000. மருத்துவக் காப்பீட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் சேர்த்து 40,000 என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அது. பதினான்கு வருடம் டெஸ்டிங் செய்தவர் வாரத்தில் மூன்று நாள் வேலை பார்த்து இதைச் சம்பாதிக்க முடியும் என்றே நம்புகிறேன். மிச்சமிருக்கும் 46 லட்சத்தைத் தொட வேண்டியதில்லை. எதுவுமே சம்பாதிக்காமல் அந்த 40,000ஐச் சேமிப்பிலிருந்து எடுத்தால் வருடத்துக்கு 4.8 லட்சம் போகும், பத்து சதவீதத்துக்கும் மேல். மகள் பள்ளி முடிப்பதற்குள்ளேயே கை கடிக்கத் தொடங்கிவிடும்.

நானும் இப்படித்தான் இருக்கிறேன். கதையும் கட்டுரையும் எனக்குச் சோறு போடவில்லை, மொழிபெயர்ப்பு வேலைதான் போடுகிறது. வாரத்தில் சில நாட்கள் அதற்கு, மற்ற நாட்கள் எனக்கு. மொழிபெயர்ப்பு நாட்களை நான் ஒருபோதும் வெறுத்ததில்லை. எழுத்துக்குப் பின்னால் காசு நெருக்கடி வந்து நிற்காமல் காப்பது அவைதான்.

நோட்டீஸ் கொடுக்கும் முன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, கிராஜுவிட்டி, அதாவது விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை. உங்களைப் போன்ற நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருட சர்வீஸ் முடிய வேண்டும். ஆறு மாதத்தில் விலகினால் நான்கு வருடம் ஏழு மாதம்தான் ஆகியிருக்கும். இன்னும் ஐந்து மாதம் பொறுத்தால், கணக்குக்கு எடுக்கும் மாதச் சம்பளம் 45,000 என்று வைத்தாலே, 15 நாள் சம்பளம் வீதம் ஐந்து வருடத்துக்குச் சுமார் 1.3 லட்சம் வரும். அந்த ஐந்து மாதத்தைப் பகுதி நேர வாடிக்கையாளர்களைத் தேடுவதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். வேலையில் இருக்கும்போது வெளிவேலை செய்யக்கூடாது என்று உங்கள் ஒப்பந்தத்தில் அநேகமாக இருக்கும், படித்துப் பாருங்கள். ஆட்களிடம் பேசி வைப்பதையும் அது தடுக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது அப்பாவின் காப்பீடு. இதுதான் எனக்கு அதிகக் கவலை. நீங்கள் விலகியதும் குரூப் பாலிசி போய்விடும். அதற்குப் பிறகு புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கிறார்கள். அந்த இடைவெளியில் சர்க்கரையால் காலிலோ சிறுநீரகத்திலோ பிரச்சினை வந்தால் சேமிப்பு கரைந்துவிடும். அதனால் சொந்தப் பாலிசியை இன்றைக்கே எடுங்கள். ஆபீஸ் பாலிசி கையில் இருக்கும்போதே காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்கிவிடும். சர்க்கரை இருப்பதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். குரூப் பாலிசியிலிருந்து அதே கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறதா என்றும் விலகும் முன்பே கேளுங்கள்.

எலுமிச்சைத் தோட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. புளியங்குடிக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோடையில் ஏறும் விலை மழைக்காலத்தில் எங்கே போய் நிற்கும் என்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அப்பா முன்னால் நின்று பார்த்துக்கொள்வதால்தான் இன்று அந்தத் தோட்டம் ஓடுகிறது. தோட்டம் உங்களை வேலையிலிருந்து விடுவிக்காது. அது இன்னொரு முழுநேர வேலை. பிடித்திருந்தால் செய்யுங்கள். வருமானக் கணக்கில் மட்டும் இப்போதைக்குப் பூஜ்யம் என்று போடுங்கள்.

மறுபடியும் உங்கள் மனைவியிடம் வருகிறேன். 2024இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலை செய்யும் ஆண்களுக்கு 88 நிமிடம். உங்கள் வீட்டில் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் பதினொரு மணி வரை மீட்டிங்கில் இருக்கும் வீட்டில் சமையலும் பாடம் சொல்லிக் கொடுப்பதும் யார் தலையில் விழுந்திருக்கும்? அவரும் பள்ளியில் நாள் முழுக்க நின்று பேசிவிட்டு வருகிறவர்தான். உங்களுக்குக் கிடைக்கப்போகும் நான்கு நாட்களில் அவருக்கு எத்தனை மணி நேரம்? அவருக்கும் வேலையைக் குறைக்கும் ஆசை இருந்தால்? ஒருவர் சம்பளத்தில் நின்றுகொண்டு இன்னொருவர் மட்டும் இளைப்பாறுவதை என்னால் சுதந்திரம் என்று ஏற்க முடியவில்லை. மூன்று நாள் வேலைக்கு மாறினால் காலைச் சமையலும் மகளின் பள்ளியும் உங்கள் பொறுப்பு என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.

இந்த ஞாயிறு இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்கை முதலிலிருந்து போடுங்கள். அவருடைய சம்பளத்தை எழுதுவதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும். சென்னையா ஊரா என்பதையும் அப்புறம் முடிவு செய்யலாம். காப்பீட்டு விண்ணப்பத்தை மட்டும் அதுவரை தள்ளிப்போடாதீர்கள். மூன்று நாள் வேலைக்கு ஆள் எடுக்கும் சிறு நிறுவனங்களைத் தேடும்போது, உத்யம் பதிவை (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முடித்துவைத்துக்கொண்டால் பில் தொகையை 45 நாளுக்குள் தரும்படி சட்டப்படி கேட்க முடியும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. மனைவி என்ன சொன்னார் என்று எழுதுங்கள். அவரே எழுதினால் இன்னும் மகிழ்ச்சி.

அன்புடன்