இலவச சீட்டுக்காக உறவினரின் புனித நாட்டுப் பயணத்துக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: தூத்துக்குடியில் தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். வயது 49, கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய், வீட்டுக் கடன் தவணை 18,000. எங்கள் ஆலயப் பங்கிலிருந்து என்னையும் சேர்த்து 22 பேர் எகிப்து, இஸ்ரேல், ஜோர்டானுக்குப் பத்து நாள் புனிதப் பயணம் போகிறோம். ஏற்பாடு என் பொறுப்பு. தலைக்கு 1,35,000 ரூபாய். 20 பேர் பணம் கட்டினால் எனக்கு ஒரு சீட் இலவசம். மைத்துனர் வீட்டில் மூன்று பேர், சித்தி, சித்தி மகள் என ஐந்து பேருக்கு முன்பணம் தலைக்கு 50,000 ரூபாயை, மனைவியின் நகையை 12% வட்டிக்கு அடகு வைத்து நானே கட்டினேன். மீதி 4,25,000 ரூபாயை அடுத்த மாதம் கட்ட வேண்டும். அரசு மானியம் வந்ததும் தருவதாகச் சொல்கிறார்கள். 14% வட்டியில் தனிநபர் கடன் எடுக்கலாமா? போன முறை ரோம் பயணத்துக்கு மற்றவர்களுக்காகக் கட்டியதில் 1,10,000 இன்னும் வரவில்லை. மகள் பிளஸ் டூ படிக்கிறாள்.

பதில்: எடுக்காதீர்கள். கணக்கர் வேலை பார்ப்பவருக்கு வட்டி பற்றி நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன அந்த ரோம் பாக்கிதான் விஷயமே. "இப்ப நான் போட்டுடறேன், அப்புறம் குடுங்க" என்று சொல்லிப் பழகிவிட்டீர்கள். உறவினர்களும் அதைக் கேட்டுப் பழகிவிட்டார்கள். அதனால்தான் இந்த முறை முன்பணத்தைக்கூட அவர்கள் கையிலிருந்து எடுக்கவில்லை.

தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். 4,25,000 ரூபாய்க்கு 14% வட்டியில் மூன்று வருடத் தவணை மாதம் 14,500 ரூபாய் சொச்சம். வட்டி மட்டும் ஏறக்குறைய 98,000. நகைக் கடன் 2,50,000-க்கு வருடம் 30,000, அதையும் மூன்று வருடம் இழுத்தால் 90,000. ஆக வட்டியாகவே 1,88,000 ரூபாய் போகும். இலவச சீட்டின் மதிப்பு 1,35,000! அசல் ஒரு ரூபாய் குறையாமல் திரும்பி வந்தாலும், மூன்று வருடம் இழுத்தடித்தால் இதுதான் கணக்கு. மாதச் சம்பளத்திலிருந்து வீட்டுத் தவணை, புதுத் தவணை, நகை வட்டி எல்லாம் போனால் 27,000 மிஞ்சும். அதில் குடும்பம் நடத்தி, ஜூன் மாதம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணமும் கட்ட வேண்டும்.

மானியப் பேச்சை நம்பாதீர்கள். தமிழ்நாடு அரசின் எருசலேம் பயண மானியம் ஒருவருக்கு 37,000 ரூபாய், 550 பேருக்கு. கன்னியாஸ்திரிகள், அருட்சகோதரிகள் 50 பேருக்கு 60,000. போய் வந்த பிறகு விண்ணப்பித்து, தேர்வானால்தான் வங்கிக் கணக்கில் வரும். ஐந்து பேருக்குமே கிடைத்தாலும் 1,85,000. நீங்கள் அவர்களுக்காகப் போடப்போவது 6,75,000. அந்தப் பணமும் அவரவர் கணக்குக்குத்தான் போகும், உங்கள் கணக்குக்கு வராது.

போகிற இடத்தையும் யோசியுங்கள். 2023 அக்டோபரில் போர் தொடங்கியபோது விமானங்கள் நின்றன. 2025 ஜூனில் இஸ்ரேல் வான்வெளியே மூடப்பட்டது. சாதாரணப் பயணக் காப்பீடு போரால் வரும் இழப்பைப் பெரும்பாலும் ஏற்காது. பயணம் தள்ளிப்போனால் பணம் ஏஜென்ட்டிடம் மாட்டிக்கொள்ளும், தவணை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் உங்கள் கணக்கில் பிடிக்கப்படும்.

அங்கே போன பிறகும் இந்தப் பழக்கம் விடாது. சீனாய் மலையில் இரவில் ஏற ஒட்டகம், யோர்தான் ஆற்றில் இறங்க வெள்ளை அங்கி, பெத்லகேமில் ஒலிவ மரச் சொரூபங்கள், வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் டிப்ஸ். "ஒரு இருபது டாலர் இருக்குமா, ஊருக்கு வந்து தர்றேன்" என்று ஐந்து பேர் பத்து நாள் கேட்டால் என்ன ஆகும்?

இந்த வாரமே ஏஜென்ட்டைப் பார்த்து, அந்த ஐந்து பேரின் மீதித் தொகைக்கு நீங்கள் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுங்கள். உறவினர்களிடம் விளக்கம், வருத்தம் எதுவும் வேண்டாம். "ஏஜென்ட்டுக்கு நேரடியாக நீங்களே கட்டிவிடுங்கள், இன்ன தேதிக்குள் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன்" என்று சொன்னால் போதும். டிக்கெட் போடுவதற்கு முன் என்றால் பெயர் மாற்றுவது எளிது. பக்கத்துப் பங்குகளில் காத்திருப்போர் இருக்கலாம், பங்குத்தந்தையிடம் கேளுங்கள். அப்படி வேறு ஆள் வந்தால் முன்பணத்தையும் அவர்களிடமே வாங்கி நேராக நகைக் கடனில் கட்டுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் மீதிப் பேரை இன்னொரு குழுவோடு சேர்த்துவிட முடியுமா என்று ஏஜென்ட்டிடம் பேசுங்கள். இலவச சீட் போனால் போகட்டும். சேமிப்பில் கைவைக்காமல் உங்களுக்கான 1,35,000-ஐக் கட்ட முடியவில்லை என்றால் நீங்களும் இந்த முறை போகாதீர்கள். கடினமாகத்தான் இருக்கும், தெரிகிறது. ஆனால் எருசலேமின் திருக்கல்லறை ஆலயம் கி.பி. 335-ல் அர்ப்பணிக்கப்பட்டது, மூன்று வருடம் சேர்த்து வைத்துக்கொண்டு போனாலும் அங்கேதான் இருக்கும். உள்ளே போக டிக்கெட்டும் கிடையாது.

"இப்போது பயணம், பிறகு பணம்" என்று செயலிகளில் வரும் வட்டியில்லாத் தவணையை மைத்துனர் கேட்டால் அவர் பெயரில் எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் ஜாமீன் போட வேண்டாம். செயல்பாட்டுக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, முழுப்பணம் கட்டினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி எல்லாம் சேர்த்தால் அதில் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். மாதம் 5,000 கட்டினால் புனித நாடு என்று டிராவல்ஸ்காரர்கள் நடத்தும் சேமிப்புத் திட்டங்கள் எனக்குத் துளியும் பிடிக்காது. அதே 5,000-ஐ வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில் (ஆர்.டி.) போட்டால் 27 மாதத்தில் இன்றைய கட்டணமான 1,35,000 சேர்ந்துவிடும், வட்டி தனி. பணமும் உங்கள் பெயரில் இருக்கும்.

இன்னொன்று, ரசீதுகள் அவரவர் பெயரிலும் பான் எண்ணிலும் இருக்கட்டும். வெளிநாட்டுப் பயணப் பேக்கேஜுக்கு பணம் வாங்கும்போதே ஏஜென்ட் வரியாகப் பிடிக்கும் டிசிஎஸ் தொகையை, யார் பான் எண்ணில் பிடித்தார்களோ அவர்தான் வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெற முடியும்.