பாரீசில் நால்வருக்கு நான்கு நாள்

கேள்வி: கல்லூரித் தோழியர் நால்வர், நான்கு நாள் பயணமாகப் பாரீஸ் செல்லவிருக்கிறோம். ஒருத்திக்கு அருங்காட்சியகம் வேண்டும், ஒருத்திக்குக் கடைத்தெரு வேண்டும், மற்றொருத்தி முட்டைகூடத் தொடாத சைவம். மனத்தாங்கல் வராமல் சுற்றவும் சாப்பிடவும் வழி சொல்வீர்களா?
— ஒரு வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பயணத்தில் நண்பர்களுக்குள் வரும் சண்டையில் பாதி, பசியால் வருவது. முதல்முறை நாங்கள் ஐவர் சென்றபோது, 'இன்னும் ஒரு கூடம்' என்று நடந்து நடந்து, உணவகத்தின் கதவைத் தள்ளுகையில் மணி 2.45 ஆகிவிட்டது, அடுப்பை அணைத்தாயிற்று என்று கையை விரித்துவிட்டார்கள். அங்கே பல உணவகங்களில் மதியச் சமையல் 12 மணிக்குத் தொடங்கி 2 மணியளவில் முடிந்துவிடும்; இரவு 7 மணிக்குமுன் மறுபடி அடுப்பு எரியாது. அன்று எங்களைக் காப்பாற்றியது தெருமுனை ரொட்டிக்கிடங்குதான். காகிதத்தில் சுற்றிய நீள ரொட்டியின் முனையை ஒடித்தபோது மேலோடு நொறுங்கி மடியெல்லாம் தூளாகச் சிதறியது. உள்ளே இன்னும் இளஞ்சூடு. ஐவரும் ஆற்றங்கரைப் பலகையில் அமர்ந்து, ஒரு துண்டு பாலாடைக்கட்டியுடன் அதைத் தீர்த்த பிறகே ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினோம்.

ஆகவே முதலில் சாப்பாட்டு நேரத்தைக் குறியுங்கள். பார்க்க வேண்டியவற்றை அதைச் சுற்றி அமையுங்கள். லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். லூவ்ர் புதன், வெள்ளி இரவுகளில் 9 மணிவரை திறந்திருப்பதால், அருங்காட்சியகப் பிரியையை அங்கே விட்டுவிட்டு மற்ற மூவரும் கடைத்தெருவுக்குப் போகலாம். நால்வரும் நாள் முழுதும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. லூவ்ரில் உள்ள மோனாலிசா 77 செ.மீ. உயரமே உள்ள சிறிய ஓவியம். கூட்டத்தின் தலைகளுக்கு மேலாகத்தான் பார்க்க முடியும் என்பதால், எனக்கு 1900இல் ரயில் நிலையமாகக் கட்டப்பட்ட ஓர்சேயே மேல்.

ஈஃபில் கோபுரத்துக்கு மட்டும் சேர்ந்தே செல்லுங்கள். மெட்ரோ 6ஆம் தடத்தில் பாசி நிலையத்தைத் தாண்டியதும் ரயில் பாலத்தின்மேல் சேன் ஆற்றைக் கடக்கும். இடப்பக்கச் சன்னலில் கோபுரம் முழுதாகத் தெரியும். பிர் ஹக்கீமில் இறங்கிவிடுங்கள். தவறவிட்டால் அடுத்த நிலையம், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த நம் டூப்ளேயின் பெயரில்! கோபுரத்தடித் திடலின் இருபுறமும் ஓடும் சாலைகளுக்கு லபூர்தொனே, சுஃப்ரேன் என்று பெயர். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதிகளான இந்த இருவர் பெயரிலும் நம் புதுச்சேரியிலும் வீதிகள் உண்டு. (1746இல் சென்னையைப் பிடித்த கையோடு டூப்ளேயும் லபூர்தொனேயும் மல்லுக்கு நின்றது தனிக்கதை.) காலில் வலுவுள்ளவர்கள் இரண்டாம் தளம்வரை 674 படிகள் ஏறலாம்.

சைவத் தோழிக்கு ஓர் எச்சரிக்கை: பெயரில் வெங்காயம் மட்டுமே உள்ள சூப்பிலும் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு சேர்ந்திருக்கும்; தோசைபோல் மெல்லிதாக வார்க்கும் கிரேப்பின் மாவில் முட்டை இருக்கும். அவருக்கு மரே பகுதியின் ரோசியே தெருவில் கொண்டைக்கடலை ஃபலாஃபல் கிடைக்கும். யூதர்கள் நடத்தும் கடைகள் பலவும் சனிக்கிழமை மூடியிருக்கும் என்பதை மறவாதீர்கள். அதுவும் அலுத்தால், வடக்கு ரயில் நிலையத்தருகே ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் இருக்கிறது. தோசையைத் தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

கேள்வி: உணவகத்தில் தண்ணீருக்கும் பணம் கேட்பார்களாமே? அன்பளிப்பு எவ்வளவு வைக்க வேண்டும்?
— ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வெறுமனே 'தண்ணீர்' என்றால் விலையுள்ள புட்டி வந்துவிடலாம். 'கராஃப் தோ' என்று கேளுங்கள். சாப்பிடுவோருக்குக் குழாய்நீரைக் குடுவையில் இலவசமாகத் தருவார்கள். பணியாளர் கட்டணம் விலையிலேயே அடங்கியிருப்பதால் அன்பளிப்பு கட்டாயமில்லை. மனம் நிறைந்தால் ஓரிரு யூரோ வைக்கலாம். உள்ளே நுழைந்ததும் 'போன்ழூர்' (வணக்கம்) சொல்லாமல் நேரே மேசையைக் கேட்பதைத்தான் அங்கே மரியாதைக் குறைவாக எண்ணுவார்கள்.