கருவுற்றிருக்கும்போது வேலை மாறலாமா? 15,000 ரூபாய் உயர்வும் 80 நாள் கணக்கும்

கேள்வி: எனக்கு வயது 30. கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் நான்கு ஆண்டு மூன்று மாதமாக வேலை பார்க்கிறேன். மொத்தச் சம்பளம் மாதம் 60,000 ரூபாய், அதில் அடிப்படைச் சம்பளம் 30,000. இப்போது ஒன்பது வாரக் கர்ப்பம், முதல் குழந்தை. இந்த நேரத்தில் வேறொரு நிறுவனம் 75,000 ரூபாய்க்கு அழைக்கிறது. இங்கே நோட்டீஸ் காலம் இரண்டு மாதம். இப்போதைய நிறுவனத்தில் 26 வாரம் முழுச் சம்பள விடுப்பு, விரும்பினால் மேலும் 12 வாரம் பாதிச் சம்பளத்துடன் விடுப்பு, குழுக் காப்பீட்டில் பிரசவத்துக்கு 75,000 ரூபாய், வளாகத்திலேயே குழந்தைகள் காப்பகம் ஆகியவை உண்டு. புதிய நிறுவனத்தின் கடிதத்தில் "சட்டப்படியான மகப்பேறு சலுகைகள் வழங்கப்படும்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. காப்பீட்டில் பிரசவத்துக்கு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டுமாம். காப்பகத்துக்குப் பதிலாக மாதம் 3,000 ரூபாய் படி. வளைகாப்பு முடிந்ததும் எட்டாம் மாதத்திலேயே திண்டுக்கல்லுக்கு வந்துவிடச் சொல்கிறார் அம்மா. குழந்தைக்கு ஏழெட்டு மாதம் ஆகும்வரை உடனிருக்க ஆசை. "மாதம் 15,000 ரூபாயை விட்டுவிடாதே" என்கிறார் கணவர். அரசுப் பள்ளி ஆசிரியையான அண்ணிக்கு ஓராண்டு விடுப்பு கிடைத்தது. எனக்கு மட்டும் ஏன் இந்தத் திண்டாட்டம்? நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் வாழ்த்துகள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் சம்பளக் கணக்கைத் தொடவில்லை. காலண்டரைத்தான் எடுத்தேன். நீங்களும் அதையே செய்யுங்கள்.

மகப்பேறு ஊதியம் கேட்கும் உரிமைக்குச் சட்டம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. பிரசவத்துக்குக் குறித்த தேதிக்கு முந்தைய 12 மாதங்களில், எந்த நிறுவனத்திடம் ஊதியம் கேட்கிறீர்களோ அந்த நிறுவனத்தில் 80 நாள்களாவது வேலை செய்திருக்க வேண்டும். பழைய நிறுவனத்தில் நான்கு ஆண்டு உழைத்தது இந்த எண்ணிக்கையில் சேராது.

இன்று ஒன்பதாவது வாரம். நாளையே ராஜினாமா கொடுத்தாலும் நோட்டீஸ் முடிந்து புதிய இடத்தில் சேரும்போது 18-ஆவது வாரம் ஆகிவிடும். அம்மா சொல்வதுபோல 32-ஆவது வாரத்தில் திண்டுக்கல்லுக்குப் போனால், நடுவில் இருப்பது 14 வாரம். வாரத்துக்கு ஐந்து வேலைநாள் என்றால் 70 நாள். பத்து நாள் குறைகிறது. 36-ஆவது வாரம் வரை வேலை செய்தால் 90 நாள் வரும். அப்போதும் கையிருப்பு பத்தே நாள்தான். ரத்த அழுத்தம் கூடி, மருத்துவர் இரண்டு வாரம் படுக்கையில் இருக்கச் சொன்னால் அதுவும் கரைந்துவிடும். சம்பளத்துடன் கூடிய சட்டப்படியான விடுமுறை நாள்களை இந்த 80-இல் சேர்த்துக்கொள்ளலாம். வார விடுமுறையையும் சேர்க்கலாமா என்று பிற்பாடு வாதாட இடம் உண்டு. ஆனால் கைக்குழந்தையோடு தொழிலாளர் அலுவலகத்துக்கு அலையும் நிலையை நம்பி நான் யாருக்கும் திட்டம் போட்டுக் கொடுப்பதில்லை. 80 நாள் நிறையவில்லை என்றால் போவது 26 வார ஊதியம். 75,000 ரூபாய் சம்பளத்தில் அது நான்கரை லட்சம்.

இனி, 80 நாள் எப்படியோ நிறைந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு பணக் கணக்கைப் பார்ப்போம். புதிய நிறுவனத்தில் 18 வாரம் வேலை, பிறகு 26 வாரம் விடுப்பு. மொத்தம் 44 வாரம், அதாவது ஏறத்தாழ பத்து மாதம். மாதம் 15,000 வீதம் 1,50,000 ரூபாய் கூடுதலாக வரும். உங்கள் கணவர் பார்ப்பது இந்தத் தொகையைத்தான், அவர் சொல்வதில் தவறில்லை. வருமான வரியும் இதில் குறுக்கே வராது. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை, இரண்டு சம்பளமும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

இப்போது விட்டுவிட்டுப் போவதை எண்ணுவோம். 12 வாரப் பாதிச் சம்பளம் ஏறத்தாழ 83,000 ரூபாய். புதிய இடத்தில் அந்த 12 வாரமும் சம்பளமில்லா விடுப்புதான், அதையும் அவர்கள் மனமுவந்து கொடுத்தால் உண்டு. பிரசவக் காப்பீட்டில் 75,000 ரூபாய். 18-ஆவது வாரத்தில் சேர்பவருக்கு ஒன்பது மாதக் காத்திருப்பு என்றால் இந்தப் பிரசவத்துக்கு ஒரு ரூபாயும் வராது, மருத்துவமனைச் செலவு முழுவதும் உங்கள் பணம். இந்த இரண்டை மட்டும் கூட்டினாலே 1,58,000 ரூபாய். 15,000 ரூபாய் உயர்வு இங்கேயே காணாமல் போய்விட்டது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, அதனால்தான் எனக்குப் பதைப்பு. நான்கு ஆண்டு மூன்று மாதம் முடித்திருக்கிறீர்கள். இன்னும் ஒன்பது மாதம் போனால் ஐந்து ஆண்டு நிறைந்து கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்கு உரிமை வந்துவிடும். மகப்பேறு விடுப்பில் இருக்கும் 26 வாரமும் தொடர்ச்சியான பணியாகவே கணக்கில் சேரும். குழந்தைக்கு இரண்டு மாதமாகி, அதை நீங்கள் மடியில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருக்கும் ஒரு மதிய வேளையில் உங்கள் ஐந்தாண்டு நிறைவடையும். அடிப்படைச் சம்பளம் 30,000-க்கு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம், மாதத்துக்கு 26 நாள் என்ற வாய்பாட்டில் ஐந்து ஆண்டுக்கு 86,500 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. இப்போது விலகினால் அந்தப் பணம் உங்களுக்கு இல்லை.

அடுத்து, அந்த "சட்டப்படியான மகப்பேறு சலுகைகள்" என்ற வரி. இப்படி ஒற்றை வரியோடு வரும் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோதுதான் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரம் என்றிருந்த விடுப்பு 26 வாரமானது. பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் எட்டு வாரம் எடுத்துக்கொள்ளலாம். இந்த உரிமைகள் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்கீழ் வந்திருக்கின்றன. 2020-இல் இயற்றப்பட்ட அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. வாரங்களின் எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் ஊதியம் என்ற சொல்லுக்கான விளக்கம் மாறிவிட்டது. பழைய சட்டத்தில் வீட்டு வாடகைப்படியும் ஊதியத்தில் சேர்ந்திருந்தது. புதிய விளக்கம் அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் மையமாக வைக்கிறது. மற்றப் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டும் ஊதியத்தோடு சேரும்.

இந்த விளக்கத்தை ஒரு நிறுவனம் தனக்குச் சாதகமாகப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? 75,000-இல் பாதி 37,500. அந்தத் தொகையைக் கணக்கில் வைத்து ஆறு மாதம் கொடுத்தால் கையில் வருவது 2,25,000 ரூபாய். இப்போதைய நிறுவனத்தில் அதே ஆறு மாதத்துக்கு 3,60,000 வரும். சம்பளம் கூடிய இடத்துக்குப் போய், பணம் மிகவும் தேவைப்படும் ஆறு மாதத்தில் மட்டும் குறைவாக வாங்குவீர்கள். எல்லா நிறுவனமும் இப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. முழு மாதச் சம்பளத்தையும் மனநிறைவோடு கொடுக்கும் இடங்கள் நிறைய உண்டு. எந்த வகை என்பது அந்த ஒற்றை வரியில் தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

தகுதிகாண் பருவத்தில் இருக்கும் பெண்ணுக்கு விடுப்பு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தினக்கூலி அடிப்படையில் வேலை பார்த்த பெண்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்துபோனாலும் இந்தச் சலுகை நீளும் என்று 2023-இல் சொன்னது. மகப்பேறு விடுப்பில் இருப்பவரை வேலையிலிருந்து நீக்குவதும், பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றுவதும் சட்டவிரோதம்.

காப்பகத்துக்கு வருவோம். 2009-இல் எனக்கு முதல் குழந்தை பிறந்தபோது விடுப்பு 12 வாரம்தான். திரும்பி வேலைக்குப் போன முதல் நாள் மதியம் பால் கட்டி, புடவை நனைந்து, பழைய கோப்புகள் அடுக்கிவைத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். குழந்தை பத்து கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருந்தது. அதனால் காப்பகம் என்பதை ஒரு சலுகைப் பட்டியலின் கடைசி வரியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்பது சட்டம். மாதம் 3,000 ரூபாய் வாங்கி ஊரின் வேறு மூலையில் குழந்தையை விட்டால் அந்த நான்கு முறைக்கு எங்கே போவீர்கள்? உங்கள் வளாகத்தில் இருக்கும் காப்பகத்தையும் பெயரைக் கேட்டு நம்பிவிடாமல் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். எத்தனை குழந்தைக்கு ஓர் ஆயா, எடுத்துவைத்த தாய்ப்பாலுக்குக் குளிர்சாதனப் பெட்டி உண்டா, உங்கள் இருக்கையிலிருந்து நடந்தால் எத்தனை நிமிடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணியைப் பற்றி. தமிழக அரசு தன் ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பை 2021 ஜூலை 1 முதல் ஒன்பது மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தியது. அது அரசு தன் ஊழியர்களுக்கு வகுத்த விதி, தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. உங்கள் ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் 26 வாரத்துக்கு மேல் 12 வாரம் பாதிச் சம்பளம் தரும் தனியார் நிறுவனம் எளிதில் கிடைக்காது. அது உங்கள் கையில் இருக்கிறது.

ஆகவே என் கருத்து இது: இப்போது மாறாதீர்கள். 15,000 ரூபாய் உயர்வை அற்பம் என்று நான் நினைக்கவில்லை. பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு அது மாதாமாதம் வந்துகொண்டிருக்கும் பணம். பணிக்கொடையையும் சேர்த்தால் இப்போது மாறுவதில் உங்களுக்கு விழும் பள்ளம் ஏறத்தாழ 95,000 ரூபாய். வேலைக்குத் திரும்பி ஏழு மாதம் உழைத்தால் அது அடைந்துவிடும், அதன் பிறகு புதிய வேலைதான் லாபம். ஆனால் அதே தாவலை விடுப்பு முடிந்து திரும்பிய பிறகு வைத்துக்கொண்டால் பள்ளமே விழாது. ஐந்தாண்டுப் பணிக்கொடையையும் வாங்கிக்கொண்டு போகலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். அந்தக் கூடுதல் 12 வாரத்தை எடுத்தவர் ஓராண்டுக்குள் விலகினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சில நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் விடுப்பு விதிகளில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று இப்போதே படித்துவிடுங்கள்.

இந்த இடத்தில் மற்ற வாசகிகளுக்கும் ஒரு வார்த்தை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் போகிறவர்களுக்கு 26 வார ஊதியத்தை நிறுவனம் தராது, இ.எஸ்.ஐ. கழகம் தரும். அங்கே பார்ப்பது 80 நாள் அல்ல. முந்தைய இரண்டு சந்தா காலங்களில் (ஒரு சந்தா காலம் என்பது ஆறு மாதம்) 70 நாளுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. உள்ள ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறினால் பழைய எண்ணிலேயே சந்தா தொடர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புது எண் போட்டுவிட்டால் நாள் கணக்கு சிதறிப்போகும்.

உங்களிடம் திரும்பி வருகிறேன். புதிய நிறுவனத்தை முறித்துக்கொள்ள வேண்டாம். பணியில் சேரும் தேதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். மறுத்தால் இழப்பு ஒன்றும் இல்லை. ஒருவேளை எல்லாவற்றையும் யோசித்து மாறுவது என்றே நீங்களும் உங்கள் கணவரும் முடிவெடுத்தால், ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன் அவர்களுடைய மனிதவளத் துறைக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்புங்கள். 26 வார ஊதியம் மொத்தச் சம்பளத்தின்மீதா, அடிப்படைச் சம்பளத்தின்மீதா? என் பிரசவத் தேதியை வைத்து 80 நாளை நீங்கள் எப்படி எண்ணுவீர்கள், வார விடுமுறை சேருமா? காப்பீட்டின் காத்திருப்புக் காலத்தை எனக்குத் தளர்த்த முடியுமா? பதில் மின்னஞ்சலில் வர வேண்டும். தொலைபேசியில் அழைத்துச் சொன்னால், "இன்று நீங்கள் என்னிடம் சொன்னது இது" என்று அன்று மாலையே நீங்கள் எழுதி அனுப்பிவிடுங்கள்.